மியூனிக்ல படுத்தேன், வெனிஸ்ல எழுந்தேன்

இந்த எபிசோட் காதுல ஹெட்செட்டோட கேக்குறவங்களுக்கு மட்டும் இல்ல, ஆபீஸ்ல சத்தம் வெளிய வரக் கூடாதுனு இந்தப் பக்கத்துல உக்காந்து படிக்கிறவங்களுக்கும் சேத்துதான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன். இந்த எபிசோட்ல நான் எங்க அம்மாகிட்ட சொன்ன ஒரு பொய் வருது. அம்மா இந்த போட்காஸ்ட்டை ஒன்னு விடாம கேக்குறவங்க. பாதிக் கதை அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை இப்பதான் கேக்கப் போறாங்க. அம்மா, காய் நறுக்கிட்டே கேட்டீங்கன்னா கத்தியைக் கொஞ்சம் கீழ வச்சிருங்க.

விஷயம் என்னன்னா, போன செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மியூனிக்ல ரயில் ஏறி சனிக்கிழமை காலைல வெனிஸ்ல இறங்கினேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஊர் சுத்திட்டு, ஞாயிறு ராத்திரி அதே மாதிரி ரயில் ஏறி, திங்கக்கிழமை காலைல ஆறு மணி வாக்குல மியூனிக். வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு ஒன்பதரை ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல உக்காந்துட்டேன். லீவு ஒரு நாள் கூட போடல. ஹோட்டலுக்குக் காசு குடுத்தது ஒரே ஒரு ராத்திரிக்கு.

இதைக் கேட்டதும் டீம்ல ஒருத்தர் "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தானே?"னு கேட்டார். ஒரு மணி நேரம்தான், வானத்துல. அதுக்கு முன்னாடி வீட்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி நேரம், செக்யூரிட்டி, காத்துக் கிடக்குறது எல்லாம் இருக்கு. வெனிஸ் ஏர்போர்ட்டும் வெனிஸ்ல இல்ல, கரைப்பக்கம் இருக்கு. அங்க இருந்து பஸ்ஸோ படகோ பிடிக்கணும். எல்லாத்தையும் கூட்டினா அரை நாள், அதுவும் முழிச்சிருக்கிற அரை நாள். ராத்திரி ரயில் எடுத்துக்கிற நேரம் இதை விட அதிகம்தான். ஆனா அது நான் தூங்கற நேரம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஆச்சரியமே இல்லனு எனக்குத் தெரியும். ராத்திரி சாப்பிட்டு எழும்பூர்ல ஏறி, காலைல ஊர்ல இறங்கிப் பழகினவங்க நாம. நான் தூத்துக்குடி. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல தூங்கின ராத்திரியையெல்லாம் கூட்டினா ஒரு வருஷம் தேறும். அதனால ஐரோப்பாவுல ராத்திரி ரயில்னா பெரிய விஷயம், அதுக்கு ரசிகர் கூட்டம் எல்லாம் இருக்குனு கேள்விப்பட்டப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. படுத்துக்கிட்டுப் போறதுக்கு எதுக்குய்யா ரசிகர் மன்றம்?

அப்புறம் படிச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சது, இங்க இது கிட்டத்தட்ட செத்துப் பிழைச்ச விஷயம். விலை குறைஞ்ச விமானங்களும் அதிவேக ரயில்களும் வந்த பிறகு ஒவ்வொரு நாடா ராத்திரி ரயிலை நிறுத்திட்டே வந்திருக்காங்க. ஜெர்மன் ரயில்வே சிட்டி நைட் லைன்னு ஒன்னு வச்சிருந்தாங்க. 2016 டிசம்பர்ல அதை மொத்தமா மூடிட்டாங்க. அதே மாசம் பக்கத்து நாடான ஆஸ்திரியாவோட ரயில்வே, ஜெர்மன்காரங்க வேணாம்னு வித்த படுக்கைப் பெட்டிகளையும் சில ரூட்டுகளையும் எடுத்துக்கிட்டு நைட்ஜெட்னு ஒரு பேர்ல ஓட்ட ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டோட மக்கள்தொகையில எட்டுல ஒரு பங்கு இருக்குமா அந்த நாடு? அவங்கதான் இன்னைக்கு இந்தக் கண்டத்துல ராத்திரி ரயிலுக்கு முக்கியமான ஆளுங்க.

ஏன் மத்தவங்க எல்லாம் கையை விட்டாங்கன்றதை ஒரு எஞ்சினியரா யோசிச்சுப் பாத்தேன். கணக்கு உண்மையிலேயே கஷ்டம். பகல் ரயில்ல ஒரு சீட்டை ஒரே நாள்ல நாலு பேருக்கு விக்கலாம். ஒருத்தர் இறங்க இன்னொருத்தர் ஏறுவார். ராத்திரி ரயில்ல ஒரு பெர்த்தை ஒரு ராத்திரிக்கு ஒரு ஆளுக்குத்தான் விக்க முடியும். எண்பது பேர் உக்கார்ற இடத்துல அதை விடக் கம்மியான ஆளுங்கதான் படுப்பாங்க. பகல் முழுக்க அந்தப் பெட்டி யார்டுல சும்மா நிக்கும். ஒவ்வொரு நாட்டோட தண்டவாளத்துக்கும் தனித்தனியா வாடகை. போர்வை துவைக்கணும், ராத்திரி முழுக்க ஆள் போடணும். அதனாலதான் ஒரு ரூட்டு ஆரம்பிச்சா எல்லாரும் கை தட்டுறாங்க, அப்புறம் சத்தமில்லாம நின்னு போகுது. பாரிஸ்ல இருந்து வியன்னாவுக்கு 2021 டிசம்பர்ல நைட்ஜெட் ஆரம்பிச்சது. பிரெஞ்சு அரசாங்கம் மானியத்தை நிறுத்தினதும் 2025 டிசம்பரோட அது போச்சு, கூடவே பாரிஸ்–பெர்லினும். இன்னொரு பக்கம், யூரோப்பியன் ஸ்லீப்பர்னு ஒரு கூட்டுறவு கம்பெனி. சாதாரண ஜனங்க ஷேர் வாங்கி ஆரம்பிச்சது. 2023 மே மாசத்துல பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் ஓட்ட ஆரம்பிச்சு அடுத்த வருஷமே பிராக் வரைக்கும் நீட்டிட்டாங்க. ஆக, உங்களுக்குப் பிடிச்ச ரூட்டு ஒன்னு இன்னைக்கு இருந்தா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க.

சரி, டிக்கெட் கதைக்கு வரேன். மூணு விதமா ஏறலாம். உக்காந்துட்டே போற சீட்டு, அது விலை கம்மி. நான் சொல்ற ஒரே அறிவுரை, ராத்திரி முழுக்க உக்காந்து போகாதீங்க, வெனிஸ்ல இறங்கி அன்னைக்கு முழுக்கத் தூங்கித்தான் வழிவீங்க. அடுத்தது கூஷெட். ஜெர்மன்ல லீகேவாகன்னு சொல்வாங்க. ஒரு ரூமுக்கு நாலு இல்லன்னா ஆறு பெர்த், தலகாணி, விரிப்பு, போர்வை குடுப்பாங்க. நம்ம த்ரீ ஏசி மாதிரினு வச்சுக்கலாம், ஆனா சைடு லோயர் சைடு அப்பர் கிடையாது. பெட்டியோட ஒரு ஓரமா நடைபாதை, மறு பக்கம் கதவு வச்ச ரூம்கள். மூணாவது, நிஜமான ஸ்லீப்பர். ஒரு ரூமுக்கு ஒன்னுல இருந்து மூணு பேர், மெத்தை, உள்ளேயே வாஷ் பேசின். காசு கூடுதலா குடுத்தா குளியலறை வச்ச ரூமும் உண்டு. புது ரயில்கள்ல மினி கேபின்னு ஒன்னு வந்திருக்கு. ஒரு ஆள் மட்டும் படுத்து ஷட்டரைச் சாத்திக்கிற பெட்டி, ஜப்பான் கேப்சூல் ஹோட்டல் மாதிரி. நான் போன ரயில்ல அது இல்ல.

கூஷெட்ல பெண்களுக்குன்னு தனி ரூம் உண்டு. புக் பண்றப்போ அதைத் தேர்ந்தெடுக்கலாம். இதைத்தான் நான் அம்மாகிட்ட பெருமையா சொல்லி வச்சிருந்தேன். "லேடீஸ் மட்டும்தாம்மா, உள்ள பூட்டிக்கலாம், கூட ஆபீஸ் பொண்ணுங்க ரெண்டு பேர் வர்றாங்க."

இதுல உண்மை எவ்வளவுன்னு பாக்கலாம். ஆபீஸ் பொண்ணுங்க வரல. ஒருத்தி முதல்லயே முடியாதுன்னுட்டா. இன்னொருத்தி புதன்கிழமை காய்ச்சல்னு படுத்துட்டா. லேடீஸ் ரூம், நான் தாமதமா புக் பண்ணினதால ஃபுல். எனக்குக் கிடைச்சது ஆறு பெர்த் இருக்குற பொது ரூம்ல நடு பெர்த், 79 யூரோ. இந்த ரயில்கள்ல விலை ஃப்ளைட் டிக்கெட் மாதிரி ஏறிக்கிட்டே போகும். ரெண்டு மூணு மாசம் முன்னாடி எடுத்திருந்தா நல்லாவே கம்மியா இருந்திருக்கும். ஆக உண்மைன்னு மிஞ்சினது "உள்ள பூட்டிக்கலாம்" மட்டும்தான். அதுக்கும் ஒரு கதை இருக்கு, வரேன்.

பயமா இருந்துச்சானு கேட்டா, இருந்துச்சு. மியூனிக்ல ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா நடந்து வர எனக்குப் பயம் இல்ல. ஆனா அஞ்சு முன்பின் தெரியாத ஆளுங்களோட ஒரு சின்ன ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணை மூடித் தூங்கணும்ங்கறது வேற. நம்ம ஊர் ஸ்லீப்பர்ல கதவே கிடையாது, எழுபது பேர் ஒரே ஹால்ல படுத்திருக்கிற மாதிரி. அது தொல்லைன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். கதவு வச்ச ரூம்னு வந்ததும்தான், அந்த எழுபது பேரும் ஒருத்தருக்கொருத்தர் காவலா இருந்திருக்காங்கனு தோணிச்சு. கேன்சல் பண்ண நினைச்சு ரெண்டு தடவை ஆப்பைத் திறந்தேன். பாதிக் காசு போயிடும்னு மூடிட்டேன். தைரியம்னு சொல்ல ஆசைதான், கஞ்சத்தனம்னு சொன்னாத்தான் சரியா இருக்கும்.

கிளம்புற அன்னைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. அங்க நடு ராத்திரி தாண்டியாச்சு, இன்னும் தூங்கல. ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஏட்டி, எந்தப் பெட்டின்னு பாத்து ஏறணும், பாத்தியா?"

நான் "ம்ம்மா, எல்லாம் ஆப்ல இருக்கு"னு வச்சிட்டேன்.

இந்தக் கேள்வி ஏன் வந்துச்சுனு தூத்துக்குடி பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். குருவாயூர் எக்ஸ்பிரஸ்ல முன்னாடியெல்லாம் தூத்துக்குடிக்குன்னு சில பெட்டி கோத்து விடுவாங்க. வாஞ்சி மணியாச்சி வந்ததும் அதைக் கழட்டித் தனியா தூத்துக்குடிக்கு அனுப்புவாங்க. மீதி ரயில் திருநெல்வேலி, நாகர்கோவில்னு போயிடும். பெட்டி மாறி உக்காந்து தூங்கிட்டா கதை முடிஞ்சது. எங்க பெரியப்பா ஒருத்தர் அப்படித்தான் ஒரு கல்யாண வீட்டுப் பலகாரத்தோட திருநெல்வேலியில போய் இறங்கினார். முப்பது வருஷமா எங்க வீட்ல அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

இப்ப மியூனிக் ஸ்டேஷன். ரயில் ஸ்டுட்கார்ட்ல இருந்து வருது. நான் கடைசி நேரத்துல ஓடி வந்து, கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்ச கதவுல ஏறி, பெர்த் நம்பரைத் தேடிக் கண்டுபிடிச்சேன். ரூம்ல ஒரு பாட்டி, அவங்க பேத்தி வயசுல ஒரு பொண்ணு, ரெண்டு பசங்க. என் பெர்த் காலியா இருந்துச்சு. பையைத் தூக்கிப் போட்டு, ஷூவைக் கழட்டி, போர்வையை விரிச்சு, "அப்பாடா, நல்ல ஆளுங்கதான்"னு படுத்தும் ஆச்சு. ரயில் கிளம்பிடுச்சு. பாட்டி ஒரு ஆப்பிளை நறுக்கி எனக்கும் ஒரு துண்டு நீட்டினாங்க. சைகையில எங்க போறேனு கேட்டாங்க. நான் "வெனிஸ்"ன்னேன். அவங்க ஆப்பிள் துண்டைக் கீழ வச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

"வெனேசியா? நைன், நைன். புடாபெஸ்ட்."

நான் ஏறினது ஹங்கேரி போற பெட்டி. ஒரே ரயில்தான், ஒரே எஞ்சின்தான். ஆனா அதுல புடாபெஸ்ட் போற பெட்டி, ஸாக்ரப் போற பெட்டி, வெனிஸ் போற பெட்டி எல்லாம் ஒன்னா கோத்து ஓடுது. சால்ஸ்பர்க் போனதும் பிரிச்சு விட்டுருவாங்க. அந்த ஊர் ஸ்டேஷன் நடு ராத்திரியில ஒரு பெரிய சந்தை மாதிரி. பல திசையில இருந்து வர்ற ராத்திரி ரயில்கள் அங்க சந்திச்சு, பெட்டிகளைக் கழட்டி மாத்தி, மறுபடியும் பல திசைக்குக் கிளம்பும். கோடு எழுதறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, நடு ராத்திரி ஒரு மணிக்கு புரொடக்‌ஷன்ல பிராஞ்ச் பிரிச்சு வேற பிராஞ்ச்சோட மெர்ஜ் பண்றாங்க, உள்ள ஆள் தூங்கிட்டு இருக்கறப்பவே. ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியில எங்க போகுதுனு எழுதிப் போட்டிருந்தாங்க. ப்ளாட்ஃபார்ம் போர்டுலயும் எந்தப் பெட்டி எந்த இடத்துல நிக்கும்னு இருந்துச்சு. என் டிக்கெட்லயும் பெட்டி நம்பர் கொட்டை எழுத்துல இருந்துச்சு. நான் பாத்தது பெர்த் நம்பர் மட்டும். தப்பு முழுக்க என்னுது.

சால்ஸ்பர்க்குக்கு ஒன்றரை மணி நேரம் இருந்துச்சு, அதனால உசுர் போற அவசரம் இல்ல. ஆனா அந்த நேரத்துல மண்டைக்கு அது தெரியாது. ஷூ லேஸ் கட்டாம, பையை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு, ஆடிட்டே ஓடுற ரயில்ல, ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அந்த நடைபாதையில, பல் தேய்ச்சிட்டு வர்றவங்களை இடிச்சிக்கிட்டு, ஒவ்வொரு பெட்டியா "சாரி, சாரி"ன்னு போனேன். பாட்டி ரெண்டு பெட்டி வரைக்கும் கூடவே வந்தாங்க. வழி காட்டவானா அவங்களுக்கும் வழி தெரியாது. சும்மா வந்தாங்க. அப்புறம் கையில அந்த ஆப்பிள் துண்டைக் குடுத்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.

அம்மா, இதுதான் உங்களுக்குத் தெரியாத பாதி.

என் நிஜமான ரூம்ல அஞ்சு பேரும் ஏற்கெனவே படுத்திருந்தாங்க. லைட் அணைச்சாச்சு. ஒரு கணவன் மனைவி, ஐம்பது வயசு இருக்கும். காலேஜ் பசங்க மாதிரி ரெண்டு பேர். எனக்கு எதிர்ல நடு பெர்த்ல நல்ல உயரமா ஒரு பெரியவர், தாடி வச்சிருந்தார். பெட்டிக்கு ஒரு அட்டெண்டர் உண்டு. அவர் வந்து டிக்கெட்டைப் பாத்துட்டு, நான் வர வேண்டிய நேரத்துக்கு வரலேன்னு ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். காலைல காப்பியா டீயானு கேட்டுக் குறிச்சிக்கிட்டுப் போயிட்டார்.

படுத்தேன். தூக்கம் வரல. எதிர்ல இருந்த தாடிக்காரரோட முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்கும். அவர் என்னைப் பாக்கல, சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஆனாலும் நான் போனை ஒரு கையில வச்சிக்கிட்டு, அட்டெண்டர் ரூம் எந்தப் பக்கம்னு மனசுக்குள்ள வரைஞ்சு பாத்துட்டே கிடந்தேன். சால்ஸ்பர்க்ல நின்னது தெரிஞ்சது. டமார்னு ஒரு இடி, அப்புறம் ரொம்ப நேரம் அமைதி, மறுபடி பின்னால இருந்து ஒரு இடி. பாட்டி அந்தப் பக்கம் போயிட்டு இருப்பாங்கனு நினைச்சேன்.

மூணு மணி இருக்கும், பாத்ரூம் போகணும். கூஷெட்ல பாத்ரூம் பெட்டியோட கடைசியில. போயிட்டு வந்து கதவை இழுத்தா, வரல. உள்ள தாழ்ப்பாள். நான் வெளிய வந்த அந்த அஞ்சு நிமிஷத்துல யாரோ உள்ளுக்குள்ள போட்டுட்டாங்க. ஆல்ப்ஸ் மலைக்கு நடுவுல எங்கயோ, சாக்ஸோட நடைபாதையில நின்னுட்டு மெதுவா தட்டினேன். கொஞ்சம் பலமா தட்டினேன். தாழ்ப்பாள் திறக்கற சத்தம். தாடிக்காரர்.

அவர் ஆங்கிலத்துல மன்னிப்பு கேட்ட விதம் இருக்கே, ஆபீஸ்ல சர்வரைக் கவுத்தவன் கூட அப்படிக் கேக்க மாட்டான். கதவு அசையற சத்தம் கேட்டுச்சாம். திருடன் யாரோ திறந்து பாக்கறான்னு நினைச்சு எழுந்து பூட்டிட்டாராம். நான் வெளிய போனதைக் கவனிக்கலயாம். அப்பதான் நடைபாதை வெளிச்சத்துல பாத்தேன். அவரோட பேக்பேக் வாரை அவர் கணுக்கால்ல சுத்திக் கட்டியிருந்தார். நம்ம ஊர்ல ஸ்டேஷன்ல சங்கிலி வாங்கி சூட்கேஸை சீட்டுக்கு அடியில கட்டுவோமே, அதே வேலை. அவரும் அன்னைக்கு அந்த நேரம் வரைக்கும் தூங்கலனு அவர் கண்ணைப் பாத்தே தெரிஞ்சது.

அதுக்கப்புறம் நான் தூங்கினேன். நல்லா, ஏழு மணி வரைக்கும். நடுவுல டார்விசியோல இத்தாலிக்குள்ள நுழைஞ்சதையும், ரயில் மின்சாரம் மாறினதையும் கோட்டை விட்டுட்டேன். முழிச்சிருந்து பாக்கணும்னு ஆசைப்பட்டேன். ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் தண்டவாளத்துக்கு மேல 15,000 வோல்ட் ஏசி, அதுவும் 16.7 ஹெர்ட்ஸ்னு ஒரு விசித்திரமான கணக்கு. இத்தாலியில 3,000 வோல்ட் டிசி. அதனால எல்லையில ஒன்னு எஞ்சினை மாத்தணும், இல்ல ரெண்டையும் சாப்பிடற எஞ்சினா இருக்கணும். நாடுகளுக்கு நடுவுல பாஸ்போர்ட் பாக்கறதை நிறுத்திட்டாங்க, கரண்ட் மட்டும் இன்னும் விசா கேக்குது. பாஸ்போர்ட்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஷெங்கன்தானேனு வீட்ல வச்சிட்டுப் போயிடாதீங்க. திரும்பி வர்றப்போ ஜெர்மன் எல்லையில போலீஸ் ஏறிப் பாக்கறது உண்டு. பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் தலகாணிக்கு அடியிலயே இருக்கட்டும்.

எழுந்தப்போ வெளிய திராட்சைத் தோட்டம். மலை எல்லாம் பின்னால போயிருந்துச்சு, தரை தட்டையா இருந்துச்சு. அட்டெண்டர் ஒரு தட்டுல ரெண்டு பன், வெண்ணெய், ஜாம், காப்பி கொண்டு வந்தார். ஆறு பேரும் கீழ் பெர்த்ல வரிசையா உக்காந்து, முட்டி இடிக்கச் சாப்பிட்டோம். முடியெல்லாம் பறக்குது, யாரும் முகம் கழுவல, ராத்திரி ஒருத்தர் குறட்டையை ஒருத்தர் கேட்டாச்சு. இனி என்ன கூச்சம்?

அப்ப அம்மா வீடியோ கால். நம்ம ஊர்ல பதினோரு மணி. நெட்வொர்க் வேற ரொம்ப நல்லா இருந்து தொலைச்சது. எடுத்தேன்.

"எங்க உன் ஃப்ரெண்ட்ஸு? காட்டு."

நான் என்ன பண்ணேன்னா, போனைத் திருப்பிட்டேன். அஞ்சு பேரும் கை அசைச்சாங்க. தாடிக்காரர் ஜாம் தடவின பன்னோட கை அசைச்சார்.

அம்மா ஒரு நிமிஷம் ஒன்னும் பேசல. அப்புறம், "ஏட்டி, அந்தப் பெரியவரும் உன் ஆபீஸா?"

பொய் அந்த இடத்துல முடிஞ்சது. தமிழ்லதானே பேசறோம், ரூம்ல யாருக்கும் புரியாதுனு எல்லாத்தையும் சொல்லிட்டேன். யாரும் வரல, லேடீஸ் ரூம் கிடைக்கல, கலந்துதான் படுத்தோம். பெட்டி மாறி ஏறினதை மட்டும் விட்டுட்டேன். திட்டு விழும்னு காத்திருந்தேன். அம்மா கேட்டது, "போர்வை குளிருக்குப் போதுமா இருந்துச்சா?"

அப்புறம் சொன்னாங்க. அப்பா சென்னையில வேலை பாத்த காலத்துல என்னைத் தூக்கிட்டு எத்தனையோ தடவை ராத்திரி ரயில்ல தனியா வந்திருக்காங்க. எனக்கு நாலு வயசு. ஒரே பெர்த், என்னைச் சுவர் ஓரமா படுக்க வச்சிட்டு, அவங்க விளிம்புல உக்காந்தே வருவாங்களாம். "நீ நல்லா தூங்குவ. நான் ஒரு நாளும் தூங்குனது இல்ல." எனக்கு அந்தப் பயணம் எல்லாம் ஞாபகம் இருக்கு. ஃபேன் சத்தம், ஜன்னல் கம்பி, விழுப்புரத்துல டீக்காரர் குரல். அம்மா உக்காந்துட்டு இருந்தது ஞாபகமே இல்ல.

மெஸ்த்ரே தாண்டியதும் ரெண்டு பக்கமும் தண்ணி. கரைக்கும் வெனிஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டருக்குக் கடல் மேல பாலம். ரயில் பாலம் 1846ல திறந்தது. அதுக்கு முன்னாடி இந்த ஊருக்குள்ள வரணும்னா படகு மட்டும்தான். மெஸ்த்ரேயும் வெனிஸ்தான்னு பேர்ல இருக்கும், அவசரப்பட்டு அங்க இறங்கிடாதீங்க. கடைசி ஸ்டேஷன் சாந்தா லூசியா. அங்க இறங்கி வெளிய வந்தா, நேரா படிக்கட்டு, படிக்கட்டுக்குக் கீழ கிராண்ட் கனால். ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்துல படகு நிக்குது. அந்தப் படிக்கட்டுல உக்காந்து மறுபடி அம்மாவுக்குக் காட்டினேன்.

வெனிஸைப் பத்தி ஆயிரம் வீடியோ இருக்கு, அதனால ரெண்டே விஷயம். ஒன்னு, பொதுப் படகான வாப்பரெட்டோவுல ஒரு தடவை ஏற 9.50 யூரோ. நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம், தொலைஞ்சாலும் கடைசியில தண்ணிதான் வரும். ஏப்ரல்ல இருந்து ஜூலைக்குள்ள சில நாட்கள்ல பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ராத்திரி தங்கறவங்களுக்குக் கிடையாது, ஆனா முன்னாடியே பதிவு பண்ணணும். மெஸ்த்ரேயில மலிவா ரூம் போட்டாலும் அது வெனிஸ் நகராட்சிதான், செல்லும்.

ரெண்டாவது, ரியால்டோ மீன் மார்க்கெட். ஞாயிறும் திங்களும் கிடையாது, அதனால சனிக்கிழமை காலைலயே போயிடுங்க. ராத்திரி ரயில்ல வந்தா சரியா அந்த நேரத்துக்கு இறங்கிடலாம். நான் வேற எதையும் பாக்கறதுக்கு முன்னாடி அங்கதான் போனேன். கணவாய், நெத்திலி, இறால், ஐஸ் மேல பளபளன்னு சாளை. தரை ஈரம், வாசம் அப்படியே எங்க ஊர். மதியம் ஒரு சின்னக் கடையில சார்தே இன் சாவோர்னு ஒன்னு சாப்பிட்டேன். சாளையைப் பொரிச்சு, வதக்கின வெங்காயம், வினிகர், உலர் திராட்சை, பைன் கொட்டை எல்லாம் போட்டு ஊற வைக்கிறது. கப்பல்ல போறவங்க கெடாம வச்சுச் சாப்பிடறதுக்குக் கண்டுபிடிச்ச பக்குவம். மீன்ல திராட்சையானு முகத்தைச் சுளிச்சுட்டுத்தான் முதல் வாய் எடுத்தேன். ரெண்டாவது தட்டும் வாங்கினேன்.

திரும்பி வர்றப்போ பெட்டி நம்பர், பெர்த் நம்பர், பெட்டியோட பக்கத்துல எழுதியிருக்கற ஊர்ப் பேர், மூணையும் பாத்துதான் ஏறினேன். அன்னைக்கு ரூம்ல எங்க பக்கத்து ஊர்க்காரங்க மாதிரி ஒரு குடும்பம் இருந்துச்சு, அதாவது ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடவே இல்ல. காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத் தூங்கினேன். இது எல்லாருக்கும் ஒத்து வரும்னு சொல்ல மாட்டேன். லேசான தூக்கம் இருக்கறவங்க, முதுகு வலி இருக்கறவங்க கூஷெட்டை விட்டுட்டு ஸ்லீப்பர் எடுங்க, இல்ல பகல் ரயில்ல பிரென்னர் வழியா போங்க, மலையாவது பாக்கலாம். நாலு பேர் கொண்ட கும்பலா போனா ஒரு கூஷெட் ரூமையே தனியா எடுத்துக்கலாம்.

அம்மாவுக்கு வர்ற மே மாசத்துக்கு விசா அப்ளை பண்ணியிருக்கோம். அம்மாவோட நிபந்தனை ஒன்னே ஒன்னு, ஃப்ளைட் வேணாம், அந்த ரயில்லயே போலாம், அந்தப் படிக்கட்டுல உக்காரணும். லேடீஸ் ரூம்ல ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. கீழ் பெர்த் அவங்களுக்கு, நடு பெர்த் எனக்கு. விளிம்புல யாரும் உக்கார வேண்டாம். "யாரு பெட்டி பாத்து ஏத்துவா?"னு கேட்டாங்க. நான்னு சொன்னேன். இந்த எபிசோடைக் கேட்ட பிறகும் என்னை நம்புவாங்களானு தெரியல.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர் ராத்திரி ரயில் கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பெட்டி மாறி ஏறினவங்களுக்கு முன்னுரிமை. அடுத்த வாரம் பாக்கலாம்.